20க்கு 30 பந்தல் செட் வாங்கப் போகிறீர்களா? முதலில் எடை போடுங்கள்

காதுகுத்து, வளைகாப்பு, பிறந்தநாள் என்று வருஷத்துக்கு நாலு தடவை பந்தல் வாடகை கொடுப்பதற்குச் பைப்பும் தார்ப்பாயும் கொண்ட ஒரு செட்டைச் சொந்தமாகவே போட்டு வைத்துக்கொள்ளலாம் என்கிற கணக்கு தப்பில்லை. அந்தச் செட்டை அடித்துக் கொடுக்கும் இடத்தில்தான் கோளாறு. ஒரு வீட்டில் வந்து இறங்கிய செட்டைப் பிரித்துப் போட்டு, டேப்பும் தராசும் வைத்துப் பார்த்த விவரம் இது. கடை பெயர் வேண்டாம். இதே வேலை ஊருக்கு ஊர் நடக்கிறது.

பேசியது: 20 அடி அகலம், 30 அடி நீளம், ஓரத்தில் 8 அடி உயரம், ஒன்றரை இஞ்ச் ஜிஐ (துத்தநாக முலாம் பூசிய இரும்பு) பைப், 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) தார்ப்பாய். வந்தது: 18 அடி 9 அங்குல அகலம், ஆறரை அடி உயரம், மொத்த பைப் எடை 75 கிலோ. தார்ப்பாய் 6 கிலோ. முதல் மழைக்கே நடுவில் தண்ணீர் தேங்கி, பைப்புகளைச் செருகி இணைக்கும் சாக்கெட்டில் இரண்டு பிய்த்துக்கொண்டது. நல்லவேளை, பந்திக்கு இன்னும் ஆள் உட்காரவில்லை.

ஒன்றரை இஞ்ச் என்ற வார்த்தையிலேயே முதல் ஓட்டை இருக்கிறது. ஐஎஸ் 1239 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள ஜிஐ பைப்பில் ஒன்றரை இஞ்ச் என்பது உள்துளையைக் குறிக்கும் பெயரளவு. வெளி விட்டம் 48.3 மிமீ இருக்கும். லைட் ரகத்தில் கனம் 2.9 மிமீ, 6 மீட்டர் முழு பைப், அதாவது ஒரு லென்த், பத்தொன்பதரை கிலோ. லைட் ரகத்துக்கு மஞ்சள் பட்டை, மீடியத்துக்கு நீலம், ஹெவிக்குச் சிவப்பு. பந்தல் செட் அடிப்பவர் வைத்திருப்பது வெளி விட்டமே ஒன்றரை இஞ்சான, அதாவது 38 மிமீ பைப். வாயில் 16 கேஜ் என்பார், கையில் இருப்பது 18 கேஜ் (எண் கூடினால் கனம் குறையும்), அதாவது 1.2 மிமீ. லென்த்துக்கு ஆறரை கிலோ. இரண்டுக்கும் பெயர் ஒன்றரை இஞ்ச், எடையோ மூன்றில் ஒரு பங்கு!

கணக்கு சுலபம். வெளி விட்டத்தில் கனத்தைக் கழித்து, அதைக் கனத்தால் பெருக்கி, மறுபடி 0.02466-ஆல் பெருக்கினால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். அளவுகள் மிமீயில் இருக்க வேண்டும். கேலிப்பர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு லென்த்தைத் தராசில் வைத்தால் போதும்.

பளபளப்பைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. முலாம் பூசிய தகட்டைச் சுருட்டி ஒட்டிய ஜிபி பைப் வழவழவென்று அழகாகத்தான் இருக்கும். ஆனால் முலாம் மெல்லிசு, ஒட்டிய கோட்டில் எரிந்தும் போயிருக்கும். துரு அந்தக் கோட்டில்தான் ஆரம்பிக்கும். துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஜிஐ கொஞ்சம் சொரசொரப்பாக, மங்கலாக இருக்கும். உள்ளேயும் முலாம் தெரியும். சில இடங்களில் கறுப்பு பைப்புக்கே சில்வர் பெயிண்ட் அடித்துத் தருகிறார்கள். காசை வைத்துச் சுரண்டினால் உரிந்து வந்துவிடும்.

அகலமும் உயரமும் ஏன் குறைந்தன என்று பார்த்தால் வெட்டுகிறவரின் சாமர்த்தியம் புரியும். ஒரு லென்த் 6 மீட்டர், அதாவது 19 அடி 8 அங்குலம். அதை மூன்றாக வெட்டினால் மீதமே இல்லாமல் மூன்று கால், ஆறரை அடி உயரம். இரண்டாக வெட்டினால் இரண்டு சரிவுக் கம்பு, ஒவ்வொன்றும் 9 அடி 10 அங்குலம். நடு முகடு 3 அடி ஏறவேண்டுமென்றால் அந்தக் கம்பை வைத்து 18 அடி 9 அங்குலம்தான் மூட முடியும். 20 அடி மூட 10 அடி 5 அங்குலக் கம்பு வேண்டும். வேஸ்டேஜ் ஆகும் சார் என்பார்கள். ஆகாது. ஒரே லென்த்தில் 8 அடிக் கால் ஒன்று, 10 அடி 5 அங்குலக் கம்பு ஒன்று வெட்டினால் மிச்சம் ஒன்றேகால் அடிதான். இரண்டு காலும் இரண்டு சரிவுக் கம்பும் சேர்ந்தது ஒரு சட்டம்; பத்தடிக்கு ஒன்று என்று நாலு சட்டம், ஆக எட்டு லென்த்தில் எட்டுக் காலும் எட்டுக் கம்பும் முடிந்துவிடும்.

நீளவாட்டுக் கம்பிகளில்தான் அடுத்த சுருட்டல். முகட்டில் ஒன்று, ஓரங்களில் ஒவ்வொன்று என்று மூன்றே வரிசை. சரிவின் நடுவில் ஒன்றுமில்லை. பத்தடி இடைவெளியில் பாய் தொங்கும், தொங்கிய இடத்தில் தண்ணீர் நிற்கும். நாலடிக்கு நாலடி குட்டையில் சராசரி 4 அங்குலம் நின்றாலே 150 கிலோ. சரிவுக்கு ஒன்றாக இன்னும் இரண்டு வரிசை கேளுங்கள். மொத்தம் ஐந்து வரிசைக்கும் ஒரு இஞ்ச் லைட் பைப் போதும், எட்டு லென்த், லென்த்துக்கு 12 கிலோ. எல்லாம் சேர்த்தால் சாக்கெட் நீங்கலாக 250 கிலோ வரவேண்டும்.

சாக்கெட்டில் பைப் எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்து பாருங்கள். வந்த செட்டில் இரண்டே அங்குலம், சுற்றி முழு வெல்டிங் இல்லாமல் நாலு புள்ளி வைத்து முடித்திருந்தார்கள். கிழிந்தது அந்தப் புள்ளிகளில்தான். ஆறு அங்குலமாவது இறங்க வேண்டும், துளையில் போல்ட் ஊடுருவிப் போய் நட்டில் முடிய வேண்டும். பக்கத்தில் இறுக்கும் காதுத் திருகு மட்டும் போதாது. வெல்டிங் வைத்த இடத்தில் முலாம் எரிந்திருக்கும், அங்கே ஜிங்க் பெயிண்ட் அடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தார்ப்பாய்க்கு வருவோம். 20க்கு 30 பந்தலுக்கு 20க்கு 30 பாய் போதாது. சரிவோடு அளந்தால் குறுக்கே மட்டும் 20 அடி 10 அங்குலம். சுற்றிலும் ஓரடி தொங்கவிட 23க்கு 32 வேண்டும். அதிலும் கட் சைஸ் வேறு, ரெடி சைஸ் வேறு. கட் சைஸ் என்றால் மடித்துத் தைத்த பிறகு குறையும், ரெடி சைஸ் என்றால் தைத்து முடித்த அளவு. இங்கே வந்தது பதினெட்டரைக்கு இருபத்தெட்டரை. அந்தப் பரப்பில் 6 கிலோ என்றால் ஏறத்தாழ 122 ஜிஎஸ்எம், ஆனால் மேலே ஸ்டிக்கர் 200. உண்மையான 200 ஜிஎஸ்எம் பாய் 23க்கு 32-இல் பதின்மூன்றரை கிலோவுக்குக் குறையாது.

இவ்வளவும் சரியாக வந்தாலும் கட்டுவதில் கோட்டை விடாதீர்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் காற்றில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 12 கிலோ அழுத்தம். 600 சதுர அடிக் கூரையை அது அடியிலிருந்து தூக்கினால் 650 கிலோ வரை. ஆடி மாசத்தில் இந்தக் காற்று சாதாரணம். காலுக்கு 80 கிலோ இழுப்பு என்று வையுங்கள், சிமெண்ட் சாக்கில் மணல் நிரப்பினால் 50 கிலோ, ஆக காலுக்கு இரண்டு மூட்டை. மாடிக் கைப்பிடிச் சுவரில் கயிறு கட்டவே கூடாது. நாலரை அங்குலச் சுவர் சாய்ந்து கீழே தெருவில் விழும். இருபதடி பைப்பை நிமிர்த்துமுன் மேலே மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். விளக்கு ஒயரைப் பாயோடு சேர்த்துக் கட்டாதீர்கள், கீற்று வேய்ந்தால் சுத்தமாகக் கூடாது. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டப மாடியில் கீற்றுப் பந்தல் பற்றியெரிந்து ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள், மாப்பிள்ளை உட்பட.

கடைசியாக பில். இந்த வீட்டுக்காரர் கையில் இருந்ததில் “பந்தல் செட் – 1” என்று ஒரே வரி. அதை வைத்துக்கொண்டு எந்தக் குறையையும் நிரூபிக்க முடியாது. பைப்பின் வெளி விட்டம், கனம், லென்த் எண்ணிக்கை, மொத்தக் கிலோ, பாயின் ரெடி சைஸ், எடை ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். எழுதித் தர யோசித்தால் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பிவிடலாம். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். அதுவரை பொருளை விற்காமல், திருப்பிக் கொடுக்காமல், தராசில் வைத்துப் படம் எடுத்து வையுங்கள்.