டென்ட் சுமார், மரம் சூப்பர்: சேத்துமடை - டாப்சிலிப் - பரம்பிக்குளம் ஃபேமிலி ட்ரிப் ரிவ்யூ

பொள்ளாச்சி பக்கம் குடும்பத்தோட டென்ட்ல தங்கி, அப்படியே மரமெல்லாம் பாத்து பேரு கத்துக்கற மாதிரி ஒரு ட்ரிப் போலாமான்னு கேக்கறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன். டென்ட்டுக்காகப் போகாதீங்க, மரத்துக்காகக் கண்டிப்பா போங்க.

நாங்க தங்குனது சேத்துமடை செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், தென்னந்தோப்புக்குள்ள நடத்தற ஒரு தனியார் கேம்ப். பேரு போடல. தலைக்கு 1,800 ரூபா, அதுல ராத்திரி சாப்பாடு, காலை டிபன், கேம்ப் ஃபயர், காலையில 'ட்ரீ வாக்'. இந்தக் கடைசி ஐட்டத்த நம்பித்தான் நான் புக்கே பண்ணுனது, ஏன்னா வீட்ல ரெண்டு பசங்களுக்கும் வேப்பமரத்தையும் முருங்கையையும் தவிர வேற மரம் தெரியாது.

போய் எறங்குனதுமே எங்க அத்தை மேல பாத்தாங்க. டென்ட் எல்லாம் நேரா தென்னைக்கு அடியில. காய் விழுந்தா என்னங்க பண்றதுன்னு கேட்டா "போன வாரந்தான் பறிச்சுட்டோம்ங்க"ன்னு பதில். சரி காய் பறிச்சாச்சு, மட்டை? அதுக்கு பதில் இல்ல. சண்டை போட்டு களத்துமேட்டுப் பக்கம் ரெண்டு டென்ட்ட மாத்தி அடிக்க வெச்சோம். டென்ட்டு உள்ள சாயங்காலம் வரைக்கும் வெக்கை, விடியக்காலம் பாத்தா மேல்துணியில இருந்து சொட்டுச் சொட்டா தண்ணி, மழை எல்லாம் இல்ல, நாம விட்ட மூச்சுதான், காத்துப்போற ஜன்னல நல்லா தெறந்து வெச்சிருந்தா இது வராது, அதைச் சொல்லித்தர அங்க ஆளில்ல. டாய்லெட் சுத்தமா இருந்துச்சு, ஆனா மொத்த கேம்ப்புக்கும் ரெண்டே ரெண்டு. பக்கத்து குரூப் ஸ்பீக்கர் வெச்சு பாட்டுப் போட்டு நடுராத்திரி வரைக்கும் ஆட்டம். காட்டு ஓரத்துல வந்து இது என்ன பழக்கமோ.

சாப்பாடு மட்டும் குத்தம் சொல்ல முடியாது. காலையில சந்தகை, தேங்காப்பால், நாட்டுச்சக்கரை. பையன் எத்தனை வாங்குனான்னே தெரியல.

இப்ப அந்த ட்ரீ வாக். கூட வந்த தம்பி நல்ல பையன்தான், மரியாதையாப் பேசுனான், ஆனா பாவம் அவனுக்கு ஒண்ணும் தெரியல. ஒவ்வொரு மரத்துக்கும் போன்ல லென்ஸ் போட்டுப் பாத்துச் சொல்றான். அதை நான் வீட்லயே பண்ணிக்க மாட்டனா? ஒரு எடத்துல மரத்துல ஆணி அடிச்சு 'மகிழம்'னு போர்டு மாட்டிருந்தாங்க. அத்தை ஒரு இலைய கிள்ளுனாங்க, பால் வந்துச்சு, கிளை நுனியில இலையெல்லாம் கொத்துக்கொத்தா நிக்கறதக் காட்டி "இது இலுப்பைடா சாமி, இந்தக் கொட்டையிலதான் அந்தக் காலத்துல கோயில் வெளக்குக்கு எண்ணெய் ஆட்டுவோம்"னாங்க. அதுக்கப்புறம் பசங்க அந்தத் தம்பிய விட்டுட்டு அத்தை பின்னாடியே போய்ட்டாங்க. புங்கன், பூவரசு, வாகைன்னு அவங்க சொல்லச் சொல்ல அந்தத் தம்பியும் நோட் எடுத்துக்கிட்டான். நியாயமாப் பாத்தா கேம்ப்காரங்க அத்தை தலைக்கு வாங்குன 1,800ஐ திருப்பித் தந்திருக்கணும்.

மறுநாள்தான் விஷயம். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபர்ல 40 ரூட்டோட ஆரம்பிச்ச 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்துல, ஆனைமலைக் காட்டுக்குள்ள டாப்சிலிப் - பண்டாரவரை ஒரு ரூட் இருக்கு, ஆன்லைன்ல முன்னாடியே புக் பண்ணிக்கணும். அத்தைக்கு மூட்டுவலி, அவங்களும் எங்க வீட்டுக்காரரும் டாப்சிலிப்லயே உக்காந்துட்டாங்க, நானும் பசங்களும் போனோம். கூட வந்த வழிகாட்டி அண்ணன் மலசர் பழங்குடிக்காரர், இந்தக் காட்டுலயே பொறந்து வளந்தவர். கையில போன் கிடையாது, போர்டு கிடையாது. "பேரு அப்புறம் கண்ணு, மொதல்ல தொட்டுப் பாரு"ன்னார். பட்டை முதலைத் தோல் மாதிரி கட்டங்கட்டமா வெடிச்சிருந்தா கருமருது. பட்டை உரிஞ்சு வெளுப்பா, வழவழன்னு நின்னா வெண்தேக்கு. பட்டையில காயம்பட்ட எடத்துல ரத்தம் மாதிரி பிசின் வடிஞ்சு காஞ்சிருந்தா வேங்கை. சங்கப் பாட்டுல வேங்கைப்பூ பறிக்கப் போற பொண்ணுங்க 'புலி புலி'ன்னு சத்தம் போடுவாங்கன்னு நான் பெருமையா எடுத்துவிட்டேன், மக உடனே வாயத் தெறந்தா, டைகர் ரிசர்வுக்குள்ள நின்னுக்கிட்டு கத்திவெக்காதடின்னு பொத்தவேண்டியதாப் போச்சு.

தேக்கு தளிர பறிக்காம, கீழ விழுந்து கெடந்ததை எடுத்து கசக்கச் சொன்னார். பையன் உள்ளங்கை முழுக்க செக்கச்செவேல்னு ஆயிருச்சு.

இன்னொன்னும் காட்டுனார், இது எனக்கு ரொம்பப் புடிச்சது. மரம் வரிசை புடிச்சு ஒரே உசரத்துல நின்னா அது மனுசன் நட்டது, பெருசு சிறுசு கொடி மூங்கில்னு கலந்து நின்னா தானா வந்த காடு. வெள்ளைக்காரன் காலத்துல இங்கிருந்து தேக்கை வெட்டி, மேல இருந்து சரிவுல உருட்டி விட்டுத்தான் கீழ கொண்டுபோனாங்க, அப்படி வெட்டி மொட்டையான மலையில திரும்ப தேக்கை வளத்தவர் ஹ்யூகோ வுட்னு ஒரு வன அதிகாரி. நடந்து போறப்ப கைத்தடியால குழி போட்டு, பாக்கெட்ல இருந்து தேக்கு விதைய போட்டுட்டே போவாராம். 1933ல இறந்தவருக்கு அந்த தேக்குக்கு நடுவுலயே சமாதி, டாப்சிலிப்ல இருக்கு. நட்ட மரத்துக்கு நடுவுல நின்னு இதைக் கேக்கறப்ப, நல்ல மனுசன்னும் தோணுச்சு, இருந்தாலும் காடுன்னா எல்லாம் தேக்கு மட்டுமே இல்லையேன்னும் தோணுச்சு.

அங்கிருந்து பரம்பிக்குளம். கேரளாக்காரங்க காடு, ஆனா ரோடு நம்ம டாப்சிலிப் வழியாத்தான். அங்க கன்னிமாரா தேக்கு, நாலஞ்சு பேரு கைகோத்தாத்தான் சுத்திப் புடிக்க முடியும், வயசு 450க்கு மேலன்னு சொல்றாங்க, யாரும் நட்டதில்ல, தானா வளந்தது. 1994-95ல மத்திய அரசு 'மகாவிருட்ச புரஸ்கார்' விருது குடுத்திருக்கு. இதை வெட்டப் போனப்ப ரத்தம் பீச்சுச்சாம், பயந்துபோய் விட்டுட்டாங்களாம், அதுல இருந்து அங்க இருக்கற ஜனங்க சாமியா கும்பிடறாங்களாம். நான் வழக்கமான கதைன்னு நெனச்சேன். பையன் உள்ளங்கைய விரிச்சுப் பாத்துட்டு "அம்மா, அப்ப தளிர்ல வந்த சிவப்புதான இது"ங்கறான். கேம்ப்காரங்க போர்டுல எதுவும் ஏறாதவனுக்கு இது ஏறிருச்சு.

மிருகம்னு பாத்தா புள்ளிமானும் கருமந்தியும்தான் தெரிஞ்சுது. யானை பாக்கலன்னு பஸ்ல ஒருத்தர் வர்ற வழியெல்லாம் பொலம்பிட்டு வந்தார். யானை நம்ம டைமுக்கு வராதுங்க, மரம் எங்கயும் ஓடாது, அதைப் பாத்திருக்கலாம்.

போறவங்களுக்கு: தோப்பு கேம்ப்புக்கு தர்ற காசுல பொள்ளாச்சியில நல்ல லாட்ஜ்ல தூங்கிட்டு விடியக்காலம் கெளம்புங்க, இல்ல டென்ட்தான் வேணும்னா பரம்பிக்குளத்துல கேரள வனத்துறையே டென்ட் ஸ்டே பேக்கேஜ் வெச்சிருக்கு, அடுத்த தடவை நாங்க அதுதான். கோடையில தீ பயத்துக்காக ட்ரெக்கிங் நிறுத்திடுவாங்க, 2018ல குரங்கணி காட்டுத்தீயில ட்ரெக்கிங் போனவங்க மாட்டிச் செத்ததுக்கு அப்புறம் இதுல ரொம்ப கறார், அதனால புக் பண்றதுக்கு முன்னாடி கேட்டுக்கங்க. பிளாஸ்டிக் கவர், பாட்டில் எல்லாம் செக்போஸ்ட்ல புடிச்சு வெச்சுக்குவாங்க, எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்க. மழைக்காலம்னா அட்டை ஏறும், காலுக்கு நீள சாக்ஸும் கையில கொஞ்சம் மூக்குப்பொடியும் போதும்.