லண்டன் டவரில் ஜேன் கிரேயைத் தேடிப் போகிறவர்களுக்கு

ஜேன் கிரே 1553 ஜூலை 10 அன்று இங்கிலாந்தின் அரசியாக வந்து இறங்கியது லண்டன் டவர் கோட்டையில். 19-ஆம் தேதி பட்டம் பறிபோய்க் கைதியானது, 1554 பிப்ரவரி 12 அன்று தலை வெட்டப்பட்டது, புதைக்கப்பட்டது எல்லாமே அதே மதிலுக்குள்தான். அப்போது வயது பதினாறோ பதினேழோ. ஆனாலும் டிக்கெட் எடுத்துக்கொண்டு சும்மா சுற்றினால் அவரைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்து போனால் கொடுத்த காசுக்குப் பழுதில்லை.

முதலில் வெளியிலேயே ஒரு வேலை இருக்கிறது. டவர் ஹில் ரயில் நிலையத்தை ஒட்டிய டிரினிட்டி சதுக்கப் பூங்காவில் பழைய கொலைமேடை இருந்த இடம் குறிக்கப்பட்டிருக்கிறது, பார்க்கக் கட்டணமில்லை. ஜேன் கொல்லப்பட்ட அன்று காலை அவர் கணவர் கில்ஃபோர்ட் டட்லியை வெட்டியது இங்கேதான். உடலை வண்டியில் உள்ளே கொண்டுவந்ததை ஜேன் பார்க்க நேர்ந்தது.

கதவு திறந்ததும் கூட்டம் அரச நகைகளைப் பார்க்க ஓடும். அந்த நேரத்தில் நேராக பீச்சம் கோபுரத்துக்குப் போய்விடுங்கள். அறை சிறியது, பிறகு நெரிசலில் சுவரே தெரியாது. டட்லி சகோதரர்களை அடைத்து வைத்திருந்த அறை அது. மூத்தவர் ஜான் செதுக்கியதில் கரடியும் சிங்கமும் நடுவில். சுற்றிலும் தம்பிகள் நால்வருக்கும் ஆளுக்கு ஒரு செடியாக ஓக், ரோஜா, ஹனிசக்கிள், கில்லிப்பூ. கில்லிப்பூ கில்ஃபோர்டுக்கு. ஜேனின் பெயரும் தனியாக ஓரிடத்தில் செதுக்கியிருக்கிறது. அதைக் கணவர்தான் வெட்டினார் என்று சொல்லக் கேட்டால் தலையாட்டிவிட்டு நகருங்கள், அதற்குச் சான்றில்லை. ஜேன் இருந்தது இந்த அறையில் அல்ல, சிறை அதிகாரி ஒருவரின் வீட்டில்.

வெளியே புல்வெளியில் 2006-இல் வைத்த கண்ணாடித் தலையணை நினைவுச்சின்னம் அழகு. ஆனால் ஜேனை வெட்டிய மேடை சரியாக அங்கேதான் இருந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெள்ளைக் கோபுரத்துக்கு எதிரே என்றுதான் அக்காலக் குறிப்பு சொல்கிறது. 1553 நவம்பரிலேயே மரண தண்டனை விதித்தும் ஜேனுக்குப் பின் பட்டத்துக்கு வந்த மேரி அரசி அதை நிறைவேற்றாமல் வைத்திருந்தார். மேரிக்கு எதிராக எழுந்த வயாட் கலகத்தில் ஜேனின் அப்பா சேர்ந்துகொண்டதுதான் பெண்ணின் கழுத்துக்கு வந்தது.

காவலர்கள் நடத்தும் சுற்று டிக்கெட்டிலேயே அடக்கம், தவறவிட வேண்டாம். நகைச்சுவை தூக்கல், ஜேனுக்குச் சில நிமிடம்தான். கல்லறை இருக்கும் புனித பேதுரு தேவாலயத்தில் ஞாயிறன்று ஆராதனை நடக்கும் என்பதால் வேறு நாள் பார்த்துப் போவது நல்லது.

மிச்ச நேரத்தில் டிஸ்ட்ரிக்ட் அல்லது சர்க்கிள் ரயிலில் எம்பேங்க்மென்ட் இறங்கி நேஷனல் கேலரிக்கு நடந்துவிடலாம், அனுமதி இலவசம். ஜேன் கொல்லப்படுவதைப் பிரெஞ்சு ஓவியர் டெலரோஷ் 1833-இல் வரைந்த பெரிய ஓவியத்தில் இருட்டறை, வெள்ளை உடை. உண்மையில் நடந்தது திறந்தவெளியில், கறுப்பு உடையில். கண்ணைக் கட்டியபின் தலை வைக்கும் கட்டை எங்கே என்று அவர் தடவித் தேடியதை மட்டும் ஓவியர் சரியாகப் பிடித்திருக்கிறார். டவருக்குப் போய்வந்த பிறகு இதைப் பாருங்கள். முதலில் பார்த்தால் அந்த இருட்டறையையே கோட்டைக்குள் தேடிக்கொண்டிருப்பீர்கள்.