கேசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ்: எல்லையை மறைக்காத கணினி

பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்களின் பைகளில் கிடக்கும் இந்தக் கால்குலேட்டருக்கு இன்னொரு மதிப்புரை எதற்கு என்று கேட்பீர்கள். நான் படித்த மதிப்புரைகள் எல்லாம் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் 417 செயல்பாடுகள் என்ற கணக்கையே திரும்பச் சொல்கின்றன. நான் பாலிடெக்னிக்கில் கணிதம் நடத்தி ஓய்வுபெற்றவள். இப்போது பாளையங்கோட்டையில் வீட்டிலேயே மாலை வகுப்பு எடுக்கிறேன். கணினி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டுவரும் பிள்ளைகளிடம் லேப்டாப்பைத் திறக்க விடாமல் முதலில் இதைத்தான் கொடுக்கிறேன். தேர்வுக் கருவியாக இல்லாமல் ஒரு கணினியாக இது எப்படி என்பதே இங்கே பேச்சு.

கணினிதானா என்ற சந்தேகமே வேண்டாம். உள்ளே செயலி உண்டு, நினைவகம் உண்டு. உள்ளீட்டுக்கு விசைகள், வெளியீட்டுக்கு 96க்கு 31 புள்ளிகள் கொண்ட ஒரு திரை. லேப்டாப்பிலும் இவைதாம். அங்கே எல்லாம் பெரியவை, வேகமானவை, அதனாலேயே கண்ணுக்குத் தெரியாதவை. இங்கே கொஞ்சம் அழுத்தினால் சுவர் கையில் தட்டுப்படும்.

முதல் சுவர் 70. அதன் காரணீயப் பெருக்கத்தை, அதாவது 1 முதல் 70 வரை எல்லா எண்களையும் பெருக்கிய விடையை, கேட்டுப் பாருங்கள், "மேத் எரர்" என்று வரும். 69 வரைக்கும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்த கருவி அது. புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவி, "மிஸ், கால்குலேட்டர் கெட்டுப்போய்விட்டது" என்று நீட்டினாள். கெடவில்லை. 69இன் காரணீயப் பெருக்கம் ஏறத்தாழ 1.711 பெருக்கல் 10இன் 98ஆம் அடுக்கு. 70ஆல் பெருக்கினால் அடுக்கு 100ஐத் தொடுகிறது. அடுக்கை எழுத இந்தக் கருவியில் இருப்பது இரண்டே இலக்கங்களுக்கான இடம். எண்ணுக்கு முடிவில்லை, எழுதும் இடத்துக்கு முடிவு உண்டு என்பதை எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு விசை அதைச் சொல்வது போல் நான் சொன்னதில்லை.

அடுத்து துல்லியம். திரையில் தெரிவது 10 இலக்கம், உள்ளே ஓடுவது 15 இலக்கம். நம்பாதவர்கள் 1ஐ 7ஆல் வகுத்து, அதிலிருந்து 0.142857142ஐக் கழிக்கட்டும். பூஜ்யம் வராது; 8.571 என்று தொடங்கி, 10இன் கழித்தல் 10ஆம் அடுக்கோடு ஒரு எண் வரும். திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த இலக்கங்கள் அவை. ஆனால் அந்த இருப்பும் 15உடன் தீர்ந்துவிடும். 10இன் 20ஆம் அடுக்கோடு 1ஐக் கூட்டி, மறுபடி 10இன் 20ஆம் அடுக்கைக் கழித்தால் விடை 0. கூட்டிய 1 எங்கே போயிற்று? வைக்க இடமில்லாமல் உதிர்ந்துவிட்டது. அதற்கு எரர் எதுவும் வராது. இந்தக் கருவியில் நான் குறை சொல்லும் இடம் இது: பெரிய சுவரில் மோதினால் கத்துகிறது, சிறிய இழப்பை வாய்திறக்காமல் விழுங்கிவிடுகிறது. எல்லாக் கணினிக்கும் உள்ள குணம்தான், ஆனாலும் குறை குறைதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் இது லேப்டாப்பை மிஞ்சுகிறது. 0.1ஐயும் 0.2ஐயும் இதில் கூட்டினால் 0.3. லேப்டாப்பில் பைத்தான் நிரல்மொழியில் கூட்டினால் 0.30000000000000004. நம்மைப் போலவே பதின்ம இலக்கங்களில் கணக்கிடுவதால் கால்குலேட்டருக்கு 0.1 என்பது துல்லியமாக 0.1. லேப்டாப் 0, 1 என்ற இரண்டே இலக்கங்கள் கொண்ட இருநிலையில் கணக்கிடுகிறது. பத்தில் ஒன்று அங்கே முடிவில்லாமல் நீளும் எண், எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு 1991 பிப்ரவரி 25ஆம் தேதியைச் சொல்வேன். சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு வினாடிகளாக எண்ணி, 24 பிட்டில், அதாவது 24 இருநிலை இலக்கத்தில், வெட்டிய 0.1ஆல் பெருக்கிக்கொண்டிருந்தது. சுமார் 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் பிழை சேர்ந்து சேர்ந்து 0.34 வினாடி ஆயிற்று. பாய்ந்துவரும் ஸ்கட் ஏவுகணையை அது தவறான இடத்தில் தேடியது. 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தார்கள்.

இருநிலையையே பார்க்க விரும்புபவர்களுக்கு பேஸ்-என் பயன்முறை இருக்கிறது. இருநிலையில் 16 இலக்கம்வரை காட்டும். கழித்தல் 1ஐக் கொடுத்தால் பதினாறும் 1ஆக நிற்கும். எதிர்ம எண்ணைக் கணினி எப்படிச் சேமிக்கிறது என்ற பாடம் அந்த ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. பதின்மத்தில் இதன் உச்சம் 2147483647. அதோடு 1ஐக் கூட்டினால் மறுபடி மேத் எரர். 1970 ஜனவரி 1 முதல் வினாடிகளை 32 பிட்டில் எண்ணிவரும் பழைய கணினிகள் இதே எண்ணை 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்குத் தொடும். அவற்றில் பல எரர் சொல்லாமல் 1901ஆம் ஆண்டுக்குத் தாவிவிடும். மேத் எரரைத் திட்டும் மாணவர்களிடம் நான் கேட்பது, நிறுத்திச் சொல்லும் கருவி வேண்டுமா, தாவிவிட்டுச் சும்மா இருக்கும் கருவி வேண்டுமா என்பதுதான்.

நினைவகம் பற்றிச் சுருக்கமாக. ஒரே தடவையில் தட்டும் கணக்குக் கோவைக்கு 99 பைட். 10 பைட் மிச்சம் இருக்கும்போதே கர்சர் சதுரமாக மாறி எச்சரிக்கும், அழகான ஏற்பாடு. மதிப்பைச் சேமித்து வைக்கும் எழுத்துகளான மாறிகள் மொத்தம் ஒன்பது. அணைத்தாலும் அவற்றில் வைத்த மதிப்பு போகாது. முன்பு செய்த கணக்குகளின் வரிசை மட்டும் அணைத்தால், ஏன், பயன்முறையை மாற்றினாலே அழிந்துவிடும். தேர்வு நேரத்தில் இது எரிச்சல்.

நிரல் எழுதக்கூடிய கால்குலேட்டரைத் தேர்வு அறைக்குள் விடமாட்டார்கள். இதை விடுகிறார்கள், ஏனென்றால் இதில் சுழற்சி, அதாவது ஒரே வேலையைத் தானே திரும்பத் திரும்பச் செய்யும் நிரல், எழுத முடியாது. ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. "ஏ=ஏ+1:பி=பி×ஏ" என்று தட்டிவிட்டு, மாறிகளின் மதிப்பைக் கேட்கும் கால்க் விசையை அழுத்துங்கள். ஏவுக்கு 0, பிக்கு 1 கொடுத்து, சமக்குறியை அழுத்திக்கொண்டே போனால் காரணீயப் பெருக்கங்கள் ஒவ்வொன்றாக வரும். இயந்திரத்தில் இல்லாத சுழற்சியை விரல் ஓட்டுகிறது. விரல் வலித்தால் நிறுத்திக்கொள்ளலாம். தானே சுற்றத் தெரிந்த இயந்திரம் எப்போது நிற்கும்? எந்த நிரலைக் கொடுத்தாலும் அது நிற்குமா நிற்காதா என்று முன்கூட்டியே சொல்லிவிடும் பொதுவான வழிமுறை இருக்கவே முடியாது என்று கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1936இல் நிறுவிவிட்டார். அதிக நினைவகம் வாங்கிப் போட்டுத் தீர்க்கக்கூடிய எல்லை இல்லை அது.

வேகம்? மெதுவானது, சந்தேகமில்லை. 1 முதல் 1000 வரை கூட்டச் சொன்னால் பொறுமையைச் சோதித்துவிட்டுத்தான் 500500 என்கிறது. அதையே 1000 பெருக்கல் 1001 வகுத்தல் 2 என்று கொடுத்தால் விரலை எடுப்பதற்குள் விடை. வேகமான கருவிக்குப் பணம் செலவழிக்கும் முன் வேகமான வழி இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை இந்த மந்தம் கற்றுத்தருகிறது. லேப்டாப்பில் இரண்டும் கண்சிமிட்டும் நேரம்தான், வித்தியாசமே தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்த விசை ஃபேக்ட். 10 இலக்கம்வரையுள்ள எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கும், ஆனால் மூன்று இலக்கப் பகா எண்கள்வரைதான் தேடும். 1018081ஐக் கொடுத்தால் அப்படியே அடைப்புக்குறிக்குள் திருப்பித் தருகிறது: "இதற்கு மேல் என்னால் ஆகாது." அது 1009இன் வர்க்கம். 1009 ஆயிரத்தைத் தாண்டிய முதல் பகா எண். பெருக்குவது எளிது, பெருக்கியதைப் பிரிப்பது கடினம். இந்த ஏற்றத்தாழ்வின் மேல்தான் ரகசியச் செய்திகளைப் பூட்டும் முறையாக 1977இல் உருவான ஆர்எஸ்ஏ மறையாக்கம் நிற்கிறது. 250 இலக்கம் கொண்ட ஆர்எஸ்ஏ-250 என்ற எண்ணைப் பிரித்ததாக 2020 பிப்ரவரியில் அறிவித்தார்கள். செயலிக்குள் கணக்கிடும் பகுதியான உள்ளகம் ஒன்றே ஒன்று மட்டும் உழைத்திருந்தால் சுமார் 2,700 ஆண்டுகள் ஆகியிருக்கும் வேலை. அடைப்புக்குறி போட்டுத் திருப்பித் தருவது என் ஆயிரத்துச் சொச்ச ரூபாய்க் கருவி மட்டும் இல்லை.

குறைகள் இன்னும் உண்டு. திரைக்குப் பின்னொளி கிடையாது. ரேன் விசை தரும் தற்செயல் எண்கள் 0.000 முதல் 0.999 வரை மூன்றே இலக்கம். புள்ளியியல் செய்முறைக்குப் போதாது. கோணத்தைப் பாகையில் எடுக்கிறதா ரேடியனிலா என்று காட்டும் குறி கண்ணில் படாத அளவு சிறியது. ரேடியனில் கிடந்தால் சைன் 30க்கு 0.5 வராமல் கழித்தல் 0.988 வரும், கருவி சொன்னதைத்தான் செய்திருக்கும். இதன் பின் வந்த 991இஎக்ஸில் திரை 192க்கு 63 புள்ளி, விரிதாளும் இருக்கிறது. கண் மங்கியவர்களுக்கு அது நல்லது.

போலிகளும் உலவுகின்றன. என் மாணவன் ஒருவன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் பாதி விலைக்கு வாங்கிவந்ததில் சூரியத் தகடு வெறும் அலங்காரம். ரசீது தரும் கடையில் வாங்குங்கள். பழைய 991எம்எஸ் வைத்திருப்பவர்கள் தேர்வுக்காக மாற்றத் தேவையில்லை. ஆனால் அதில் ஃபேக்ட் விசை கிடையாது. அந்த ஒன்றுக்காகவே நான் மாற்றினேன்.