பெப்பர்மின்ட் இறால் என்று சொல்லி வேறு இறாலைத் தலையில் கட்டிவிட்டார்கள்

கடல்நீர்த் தொட்டியில் பெருகிப் பவளங்களைக் கெடுக்கும் ஐப்டேசியா என்ற கடற்சாமந்தியை ஒழிக்க, அதைத் தின்னும் பெப்பர்மின்ட் இறால் வாங்கப் போகிறவர்கள் காசைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு விற்பனையாளரிடம், சின்னச் சின்னப் பூக்களாக விரியும் சோவாந்தஸ் பவளத் துண்டு வாங்கினேன். அதன் அடிக்கல்லில் பழுப்பு நிறத்தில், கண்ணாடி போல, நகத்தளவு உயிர் ஒன்று ஒட்டியிருந்தது. என்னவென்று கேட்டேன். "கடற்சாமந்திக் குட்டி, இலவசமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். பவளம் விற்பவருக்கு ஐப்டேசியா தெரியாமலிருக்க வழியில்லை. தெரிந்தேதான் கொடுத்தார் என்று இன்றும் நம்புகிறேன்.

இரண்டு வாரத்தில் அது ஏழானது. அவரிடமே கேட்டேன். கத்தியால் சுரண்டி எடுத்துவிடுங்கள் என்றார். நானும் சுரண்டினேன். ஐப்டேசியாவுக்கு ஒருபோதும் செய்யக்கூடாதது அதுதான்: பாதத்திலிருந்து பிய்ந்து பாறையில் தங்கும் சிறு துணுக்கும் முழுச் சாமந்தியாக வளர்ந்துவிடும். ஒரு மாதத்தில் எண்ணுவதையே விட்டுவிட்டேன். அவற்றின் கொடுக்கிழைகள் பட்ட பவளங்கள் சுருங்கத் தொடங்கின.

மறுபடியும் அவரிடம் போனதுதான் என் பெரிய தவறு. பெப்பர்மின்ட் இறால் என்று சொல்லி நான்கைக் கொடுத்தார். ஒரு வாரத்தில் சோவாந்தஸ் விரியவே இல்லை. நள்ளிரவில் சிவப்பு விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். நான்கும் பவளத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, பொறுமையாகக் கிள்ளிக் கிள்ளித் தின்றுகொண்டிருந்தன. பக்கத்திலேயே ஐப்டேசியாக்கள் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றைக்கூட அவை தொடவில்லை. அந்தக் காட்சி இன்னும் மனதை அறுக்கிறது.

அவை ஒட்டக இறால்கள். சோவாந்தஸையும் மென்பவளங்களையும் தின்னக்கூடியவை. வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஒட்டக இறாலின் முதுகு கூன் விழுந்ததுபோல் வளைந்திருக்கும், கண்கள் பெரியவை, சிவப்புக்கு நடுவே வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும் பளிச்சென்று இருக்கும். முகத்தின் முன்னால் நீளும் கூர்முனை கீல் வைத்ததுபோல் மேலும் கீழும் அசையும். உண்மையான பெப்பர்மின்ட் இறாலின் உடல் ஏறக்குறைய ஊடுருவித் தெரியும். மெல்லிய சிவப்புக் கோடுகள் மட்டும் ஓடும், இப்படிப் பளிச்சிடும் வெள்ளை இருக்காது.

படங்களோடு போய்க் கேட்டேன். "எல்லாம் ஒரே இனம்தான், பட்டினி போட்டால் தின்னும்" என்றார். திரும்ப எடுக்கவும் மாட்டேன், பணமும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

பாறை இடுக்குகளிலிருந்து அவற்றைப் பிடிக்கவே ஒன்பது இரவுகள் ஆயின. பிறகு பம்புகளை நிறுத்திவிட்டு, கால்சியம் ஹைட்ராக்சைடைப் பசையாகக் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் ஒவ்வொரு ஐப்டேசியாவின் வாயிலும் வைத்தேன். ஒரே நாளில் நிறைய வைத்தால் நீரின் பிஎச் ஏறிவிடும். அதனால் நாளுக்கு நான்கைந்துதான். எட்டாத இடங்களில் இருந்தவற்றுக்கு, வேறொருவரிடம் ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கிய பெப்பர்மின்ட் இறால்களை விட்டேன். அவையும் சிறியவற்றைத்தான் விரும்பித் தின்றன. வேறு தீனி தாராளமாகப் போட்டால் சாமந்திப் பக்கமே போவதில்லை.

முதலில் வாங்கியபோது சோவாந்தஸில் நாற்பதுக்கும் மேல் பூக்கள் இருந்தன. இன்று காலை எண்ணினேன்: விரிந்திருந்தவை 11.