ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2: பனையோலை விழாத ஊருக்கான விளையாட்டு

மின்வழங்கி கருகித் திருத்தப் போயிருந்த என் கணினி சென்ற வாரம்தான் வீடு திரும்பியது. சொல்லிவைத்தாற்போல் யாழ்ப்பாணம் சுன்னாகத்து நண்பன் ஒருவன் கேட்டான்: "மச்சான், ரெட் டெட் 15 டொலருக்கு இறங்கியிருக்கிறது. வாங்கட்டுமா?" முழு விலை 60 டொலர் என்பதால் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்ற கணினி விளையாட்டின் கதை இதுதான்: 1899ஆம் ஆண்டு அமெரிக்கா, ஆர்தர் மோர்கன் என்ற கொள்ளைக்காரன், கண்ணெதிரே சிதறும் அவனது கூட்டம். 2018இல் வெளிவந்த நாளிலிருந்து எல்லோரும் புகழ்ந்தாயிற்று. நானும் புகழ்வேன். ஆனால் முதலில் திட்டிவிடுகிறேன்.

கதையை நகர்த்தும் பணி (மிஷன்) ஒன்றைத் தொடங்கினால் அது முடியும்வரை ஆட்டத்தைச் சேமிக்க முடியாது. நடுவில் ஆர்தர் செத்தால் சற்று முன்னாலிருந்து தொடரலாம்; மின்சாரம் செத்தால் அந்தச் சலுகை இல்லை, பணிக்கு முந்தைய நிலைக்கே திரும்ப வேண்டும். சில பணிகள் அரை மணி நேரத்தை நெருங்குபவை. 2022இல் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோதாவது ஓர் அட்டவணை கையில் இருந்தது, அதைப் பார்த்துக் குதிரை ஏறலாம். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் பனையோலை மின்கம்பியில் விழுவதற்கு எந்த அட்டவணையும் இல்லை.

போதாக்குறைக்கு, பணிகளில் பெரும்பாலானவை நீண்ட குதிரைச் சவாரியோடு தொடங்குகின்றன. கூட்டாளிகள் பேசிக்கொண்டே வருவார்கள். முதல் முறை கேட்கும்போது அந்தப் பேச்சுதான் இந்த விளையாட்டின் உயிர். யார் யாரை நம்புகிறார்கள், யார் நம்புவதுபோல நடிக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். அதையே மறுபடி மறுபடி கேட்கும்போது, தலைவன் டச் தன் 'திட்டம்' பற்றி வாய் திறந்ததும் அவனையே சுட்டுவிடலாம் போலிருக்கிறது. 2015இல் வந்த விட்சர் 3 விளையாட்டில் சண்டையும் உரையாடலும் இல்லாத நேரத்தில் பணியின் நடுவிலும் சேமிக்கலாம். ஆகவே இது முடியாத காரியம் அல்ல.

உண்மையில் கோளாறு இன்னும் ஆழத்தில் இருக்கிறது. பணிக்கு வெளியே மான் வேட்டை, மீன்பிடி, சீட்டாட்டம் என்று மனம்போல அலையலாம். பணிக்குள் நுழைந்ததும், காட்டிய வழியைவிட்டுக் கொஞ்சம் விலகினாலே தோல்வி. பின்புறமாகச் சுற்றிப் போய் மடக்கலாமே என்று யோசிக்கும் மூளைக்கு அங்கே மரியாதை கிடையாது. கதையை எழுதியவர்களும் உலகத்தைக் கட்டியவர்களும் எல்லை வேலிக்கு வழக்காடும் அண்ணன் தம்பி போல ஒருவரோடொருவர் முகம் கொடுக்காமல் இருக்கிறார்கள். கதையை முன்னிறுத்தும் பல விளையாட்டுகளுக்கு இந்த வியாதி உண்டு. இதில் உலகம் மிகப் பெரியது என்பதால் அதிகமாக உறுத்துகிறது.

முகாமுக்குள் ஓட முடியாது, இறைச்சியை ஒவ்வொரு துண்டாகத்தான் சுட வேண்டும் என்று பலர் சலித்துக்கொள்வார்கள். எனக்கு அந்த நிதானம் பிடிக்கும்.

அதைவிடப் பிடித்தது ஆர்தரின் குறிப்பேடு. அதைத் திறந்து படி என்று யாரும் வற்புறுத்துவதில்லை. ஆளைப் பார்த்தால் முரடன். ஏட்டைத் திறந்தால் கண்ட பறவையையும் விலங்கையும் பாழடைந்த வீட்டையும் அழகாக வரைந்து வைத்திருக்கிறான். யாரிடமும் சொல்லாத சந்தேகங்களை அதில் எழுதுகிறான். நான் போன வழிகள்தான் அவன் ஏட்டில் படங்களாகின்றன. வேறு வழியில் போனவரின் ஏட்டில் வேறு படங்கள் இருக்கும். நாவலாலும் திரைப்படத்தாலும் இதைச் செய்ய முடியாது. சில இரவுகளில் பணி எதையும் தொடாமல் அந்த ஏட்டை நிரப்புவதற்காகவே குதிரையில் அலைந்திருக்கிறேன்.

கதைக்காக மட்டும் விளையாடுபவர்கள் 2023இல் வந்த வெண்பா என்ற விளையாட்டைப் பார்க்கலாம். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், சமையல், விலகிப் போகும் மகன். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், மின்சாரம் போவதற்குள் அழுது முடித்துவிடலாம். (அதில் புட்டைக் குழலில் அவிக்கிறார்கள். புட்டு அவிக்கும் ஓலை நீத்துப்பெட்டி எங்கே என்று அம்மா கேட்டார்.)

நண்பனுக்கு வாங்காதே என்றுதான் பதில் அனுப்பினேன். 15 டொலரோடு செலவு முடியாது: வன்தட்டில் 150 ஜிபி இடம், அதை இறக்க டேட்டா, நல்லதொரு யூ.பி.எஸ். இதைவிட நன்றாக எழுதப்பட்ட விளையாட்டை நான் ஆடியதில்லை என்றும் அதே செய்தியில் எழுதியிருந்தேன். "அப்படியென்றால் ஏன் வேண்டாம் என்கிறாய்?" என்று திருப்பிக் கேட்டான். நேற்றிரவும் பாதிப் பணியில் மின்சாரம் போனது. காற்று ஓய்ந்த பிறகு கேட்டிருந்தால் வாங்கு என்றிருப்பேன்.