பனியன் கம்பெனி கணக்குக்கு எந்த பேக்கப்?

திருப்பூரில் சின்னதாக ஓடும் பனியன் கம்பெனிகளில் டேலி கணக்கு, பையர் அனுப்பிய ஆர்டர் ஷீட், பேட்டர்ன் ஃபைல், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் பெரும்பாலும் ஆபீஸ் ரூமில் இருக்கும் ஒரே சிஸ்டத்தில்தான் கிடக்கும். ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ், புகுந்து அதைப் பூட்டிவிட்டால் ஷிப்மென்ட் அப்படியே நிற்கும். அப்போது கைகொடுப்பது பேக்கப், அதாவது தனியாக எடுத்து வைத்த நகல்தான். அதை எதில் எடுப்பது?

செலவு குறைந்தது வெளியே மாட்டும் ஹார்ட் டிஸ்க். ஆனால் நம்மூரில் அதை ஒருமுறை மாட்டினால் கழற்றுவதே இல்லை, அங்கேதான் வம்பு. எந்த டிரைவில் எல்லாம் எழுத முடியுமோ அதையெல்லாம் ரான்சம்வேர் பூட்டும். மாட்டியிருக்கும் டிஸ்க்கும் ஷேர் போட்ட ஃபோல்டரும் சேர்ந்தே போகும். 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வானாக்ரை என்ற ரான்சம்வேர், விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருந்த பழைய நகல்களையும் அழிக்கப் பார்த்தது. அதனால் டிஸ்க் இரண்டாக வாங்குங்கள். இன்று ஒன்று, நாளை இன்னொன்று. எடுத்து முடித்ததும் கழற்றி, ஒன்றை முதலாளி வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். கம்பெனியில் தீப்பிடித்தாலும் கணக்கு தப்பும்.

அடுத்தது நாஸ் பெட்டி, அதாவது ஆபீஸ் நெட்வொர்க்கில் மாட்டி எல்லா சிஸ்டமும் பயன்படுத்தும் டிஸ்க் பெட்டி. கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு இதில்தான் ஆசை அதிகம். உள்ளே இரண்டு டிஸ்க் ஒன்றுக்கொன்று நகலாக ஓடும், ஒன்று பழுதானால் மற்றது காப்பாற்றும். ஆனால் வைரஸ் ஒரு ஃபைலைப் பூட்டினால் அந்தப் பூட்டு இரண்டு டிஸ்க்கிலும் விழும். வீட்டிலிருந்து பார்க்கலாம் என்று ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்து வைப்பது இன்னும் மோசம். இணையத்துக்கு நேராகத் திறந்து கிடந்த கியூநாப் கம்பெனியின் நாஸ் பெட்டிகளைத்தான் 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் தேடித் தேடிப் பூட்டியது. பத்து சிஸ்டத்துக்கு மேல் உள்ள இடத்தில் ஸ்னாப்ஷாட் வசதியோடு (ஃபைல்கள் முன்பு இருந்த நிலைக்குத் திரும்ப உதவுவது) வாங்கினால் சரி. அதற்குக் குறைந்த இடத்துக்கு இது எதற்கு?

கிளவுட் நல்லதுதான். ஆனால் கூகுள் டிரைவில் ஃபோல்டரை சிங்க் செய்வதை, அதாவது இங்கே மாறுவது அங்கேயும் தானாக மாறும்படி வைப்பதை, பேக்கப் என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே கெட்டுப்போன ஃபைல் அங்கேயும் ஏறிவிடும். பழைய பதிப்பு சாதாரணமாக 30 நாள் இருக்கும், அதற்குள் யாராவது கவனித்தால் பிழைத்தோம். பேக்கப்புக்கென்றே உள்ள சேவை தனி. அதற்கு இரண்டடுக்கு லாகின் போட்டு, பாஸ்வேர்டை ஆபீஸ் சுவரில் ஒட்டாமல் இருக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு இன்னொரு விஷயமும் உண்டு: கணக்குப் புத்தகம் கம்ப்யூட்டரில் இருந்தால், கம்பெனி கணக்கு விதிகளில் 2022 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி இந்தியாவிலுள்ள சர்வரில் தினமும் பேக்கப் இருக்க வேண்டும். வெறும் ஹார்ட் டிஸ்க் அங்கே போதாது.

என்னைக் கேட்டால் மாற்றி மாற்றி மாட்டும் இரண்டு டிஸ்க், அதோடு ஒரு கிளவுட் பேக்கப். நாஸ் பெட்டிக்குப் போடும் பணத்தை இதில் போடலாம். எதை வாங்கினாலும், போட்டுக் கொடுப்பவரிடம் வேறொரு சிஸ்டத்தில் டேலி கணக்கை ரீஸ்டோர் செய்து காட்டச் சொல்லுங்கள். போன மாத பில் வரை திறந்து பார்த்த அப்புறம் அவருக்குப் பணம் கொடுங்கள்.