மங்கிய வெளிச்சத்தில் புலி: 200-600 ஜூமா, 300 எஃப் 2.8-ஆ?

புலி நடமாடுவது பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும்தான். சஃபாரி வண்டிகளை உள்ளே விடுவதும் அந்த நேரங்களை ஒட்டித்தான். கன்ஹா புலிகள் காப்பகத்தின் சால் மரங்களுக்கு அடியிலும் தடோபா காப்பகத்தின் மூங்கில் புதர்களுக்குள்ளும் சூரியன் எழுந்து வெகுநேரம் ஆன பிறகும் இருட்டு விலகாது. ஃபிளாஷ் அடிக்கக் கூடாது, வண்டியை விட்டு இறங்கவும் கூடாது. ஆக, இருக்கிற வெளிச்சத்தில் எவ்வளவு கேமராவுக்குள் போகிறது என்பதை லென்ஸ்தான் முடிவு செய்கிறது.

பலரும் முதலில் வாங்குவது 200-600 அல்லது 180-600 ஜூம் லென்ஸ் (எண்கள் மில்லிமீட்டரில் லென்ஸின் குவிய நீளம்; எண் ஏறினால் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும்). இரண்டு கிலோ எடை, இரண்டு லட்சத்தை ஒட்டிய விலை, தூரத்துப் புலியும் கைக்கு எட்டும். குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: முழு நீளத்தில், அதாவது 600-ல், அதன் அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் திறப்பு) எஃப் 6.3; எஃப் எண் ஏறினால் வெளிச்சம் குறையும். இதற்கு மாற்று, நீளம் மாறாத 300 எஃப் 2.8 லென்ஸ். அதோடு ஒப்பிட்டால் சென்சாருக்குக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம். எஃப் 2.8-ல் ஷட்டர் 1/250 நொடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன் அளவு) 3200 போதும் என்றால், இங்கே அதே ஷட்டருக்கு ஐஎஸ்ஓ 16000 வேண்டும். ஐஎஸ்ஓவை ஏற்ற மனமில்லாவிட்டால் ஷட்டர் 1/50-க்கு இறங்கும். நடக்கும் புலியின் கால் அதில் நிச்சயம் கலங்கும்.

"300-ஐ வைத்துக்கொண்டு தூரத்துப் புலியை என்ன செய்வது?" என்று உடனே கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் கணக்கில் இருக்கிறது. லென்ஸின் நீளத்தை எஃப் எண்ணால் வகுத்தால் வெளிச்சம் நுழையும் வாசலின் விட்டம் கிடைக்கும். 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95 மில்லிமீட்டர். 300-ஐ 2.8-ஆல் வகுத்தால் 107. அதாவது 300-ல் எடுத்த படத்தை வெட்டி 600-ன் சட்டகத்துக்குக் கொண்டு வந்தாலும், புலியின் மேல் விழும் நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான கரகரப்பு) கிட்டத்தட்ட ஒன்றேதான், இம்மி குறைவாகவே இருக்கும். இழப்பது பிக்சல்களை மட்டும்: 45 மெகாபிக்சல் படத்தில் 11 மிஞ்சும். இணையத்தில் காட்டவும் ஓரளவு பெரிதாக அச்சிடவும் அது தாராளம். ரோமம் ரோமமாகத் தெரிய வேண்டுமென்றால் 600-தான் மேல், அதை மறுக்கவில்லை.

இனி, கிட்டத்துப் புலி. இங்கேதான் ஜூம் நம்மைக் கைவிடுகிறது. 600-லிருந்து 300-க்குச் சுருக்கினாலும் எஃப் 6.3 அப்படியே நிற்கும், அல்லது துளி முன்னேறும், அவ்வளவுதான். வாசல் 95-லிருந்து ஏறக்குறைய 48 ஆகிவிடுகிறது. 300 எஃப் 2.8-லோ அது 107-ஆகவே இருக்கும்.

புலி எவ்வளவு பக்கத்தில் வரும்? தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் 2012 வழிகாட்டுதல்படி வண்டிகள் விலங்கிலிருந்து 20 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். முழுச் சட்டக சென்சாரில் (36 மில்லிமீட்டர் அகலம்) 300 லென்ஸ் 20 மீட்டரில் பார்க்கும் அகலம் 2.4 மீட்டர். பக்கவாட்டில் நடக்கும் புலியின் உடல் அதற்குள் கச்சிதமாக அடங்கும். 600-ல் அதே தூரத்தில் 1.2 மீட்டர்தான், முகமும் தோளும் மட்டும். விதியை மதித்து நின்றாலே 300 போதும் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். "இன்னும் கிட்டப் போங்க" என்று ஓட்டுநரை நெருக்க வேண்டியதில்லை, நெருக்கவும் கூடாது.

எஃப் 2.8-க்கும் விலை உண்டு. 300-ல், 20 மீட்டரில் தெளிவாக இருக்கும் ஆழம் முக்கால் மீட்டர்தான். தாயும் குட்டியும் முன்பின்னாக நின்றால் ஒன்றுதான் தெளியும். இரண்டும் தெளிய எஃப் 5.6-க்கு மூட வேண்டி வந்தால் கையில் இருந்த சலுகையும் போச்சு. ஆனால் குறுக்கே நிற்கும் மூங்கில் குச்சிகளையும் சருகுகளையும் கரைத்துவிடுவதும் இதே ஆழக்குறைவுதான். அடர்ந்த காட்டில் இதன் அருமை தெரியும்.

400 எஃப் 2.8 பற்றிச் சுருக்கமாக: அற்புதமான லென்ஸ், பத்து லட்சத்தைத் தாண்டும், ஜிப்ஸி சஃபாரி வண்டியின் நெருக்கத்தில் திருப்புவது சிரமம். 70-200 எஃப் 2.8 இரண்டாவது கேமராவுக்கு நல்லது. தனியாகப் போதாது, 200-ல் அதன் வாசல் 71 மில்லிமீட்டர்தான், வெட்டிப் பெரிதாக்கினால் 600-இடம் தோற்கும்.

ஜூமுக்கு ஆதரவாக இப்போது வந்திருக்கும் வலுவான சாட்சி ஏஐ நாய்ஸ் நீக்கும் மென்பொருள். ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுத்திருந்தால் ஐஎஸ்ஓ 12800 படமும் பார்க்கும்படி ஆகிவிடுகிறது. அசைவால் வந்த கலக்கத்தை அது சரிசெய்யாது, அளவு மீறினால் ரோமம் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். இருந்தாலும் ஐந்து மடங்கு இடைவெளியில் பாதியையாவது அது அடைத்துவிட்டது என்பது என் கணிப்பு.

அப்புறம், எல்லாக் கடினமான வெளிச்சமும் இருட்டு அல்ல. ஏப்ரல், மே மாதங்களில் ராஜஸ்தானின் ரண்தம்போர் காப்பகத்து நீர்நிலைகளில் புலி படுத்துக் கிடக்கும். அங்கே வெளிச்சம் கொட்டிக் கிடக்கும், கெடுப்பது கானல். தூரத்தில் எந்த லென்ஸும் அதை வெல்லாது, ஜூமே போதும். கன்னத்து வெள்ளை வெளுத்துப் போகாமல் எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) குறைப்பதுதான் அங்கே வேலை.

என் தேர்வு 300 எஃப் 2.8, கூடவே ஒரு 1.4 கன்வெர்ட்டர் (லென்ஸின் நீளத்தை 1.4 மடங்காக்கும் இணைப்பு). மாட்டினால் 420 எஃப் 4 ஆகும், அதுவும் ஜூமைவிட ஒரு ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சம். புதிது வாங்க முடியாதவர்கள் பழைய டிஎஸ்எல்ஆர் காலத்து 300-ஐ இரண்டாம் கையாக வாங்கி அடாப்டரில் மாட்டலாம். ஜூம்தான் இருக்கிறது என்றால், இன்ஜினை அணைக்கச் சொல்லி, பீன்பேக்கில் (மணிகள் நிரப்பிய தாங்குபை) லென்ஸைக் கிடத்தி, புலி நின்று திரும்பும் அந்த நொடியில் 1/80-ல் தொடர்ந்து எடுங்கள். பத்தில் ஒன்றிரண்டு தெளிவாக விழும்.